முதலாளியில்லாத் தொழிலாளர் சங்கம்

தொழிற்சங்கம் என்றவுடன் ஆலையும், முதலாளியும், கூலி வழக்குமே நம் மனத்தில் தோன்றுகின்றன. ஆயின், முதலாளியென ஒருவரைச் சுட்டிக் காட்டவியலாத ஏழை மாதர் தமக்கெனச் சங்கம் அமைத்தல் கூடுமோ? இவ்வினாவிற்கு ஆமதாபாத் நகரத்து மாதர் அளித்த விடையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அந்நகரில் தலைச்சுமை தூக்குவோர், கைவண்டி இழுப்போர், காய்கறி விற்போர், பழந்துணி வாணிகம் புரிவோர், வீட்டிலிருந்தே பீடி சுற்றுவோர் எனப் பெண்கள் பலர் உழைத்து வந்தனர். குடும்பம் இவர்கள் ஈட்டத்தால் உய்ந்தும், சட்டம் இவர்களைத் தொழிலாளரெனக் கொள்ளவில்லை. நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் மாதர் பகுதியில் பணியாற்றிய வழக்கறிஞர் இலா பட் அம்மையார், 1972ஆம் ஆண்டில் இவர்களை ஒன்றுகூட்டிச் 'சேவா' என்னும் சங்கத்தை நிறுவினார். முதலாளி இல்லாதபோது யாரை எதிர்த்துச் சங்கமென அதிகாரிகள் பதிவு செய்யத் தயங்கினர். சங்கம் ஒருவரை எதிர்த்தற்கு மட்டுமன்று, உழைப்போர் தம்முள் ஒன்றுபடுதற்கே என்பது மாதர் கூறிய மறுமொழி. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே சங்கம் பதிவாயிற்று.

அடுத்து நின்ற பகை கடன். காலையில் சரக்கு வாங்கக் கடன் பெற்று, மாலையில் வட்டியுடன் இறுப்பவளுக்கு எஞ்சுவது யாது? ஆதலின் 1974இல் நாலாயிரம் மாதர் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கிட்டுக் கூட்டுறவுப் பாங்கியொன்று கண்டனர். கையொப்பமிட அறியாதார்க்குக் கணக்குப் புத்தகத்தில் ஒட்டிய புகைப்படமே அடையாளமாயிற்று.

இவ்வளர்ச்சி இடரின்றி நிகழ்ந்ததன்று. 1981இல் மருத்துவக் கல்லூரி இடவொதுக்கீட்டை எதிர்த்துக் கலகம் மூண்டகாலை, சேவா தாழ்த்தப்பட்டோர் பக்கம் நின்றது. அதன் பயனாகத் தாய்ச்சங்கத்தினின்றும் விலக்கப்பட்டது. எனினும் தனித்து நின்று தழைத்தது. வீட்டிலிருந்து உழைப்போர்க்கெனச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996இல் உடன்படிக்கை இயற்றியதற்கும், தெரு வணிகர்க்கென 2014இல் இந்தியாவில் சட்டம் பிறந்ததற்கும் சேவாவின் நெடிய முயற்சியும் ஒரு காரணமாம். இலா பட் அம்மையார் 2022இல் மறைந்தார்.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? வறியவர்க்குப் பொருள் மட்டும் ஈந்தால் போதாது. தம்மைத் தொழிலாளரெனத் தாமே கூறிக்கொள்ளும் உரிமையும், தம் பணத்தைத் தாமே ஆளும் வாய்ப்பும் வேண்டும். ஒருத்தி கேட்பின் மன்றாட்டு. நாலாயிரவர் கேட்பின் உரிமை. அன்பர்களே! நம் கல்லூரி வாயிலிற் கீரைக்கூடை இறக்கும் மூதாட்டியை இனிக் காணுங்கால், தொழிலாளி ஒருவரைக் காண்கின்றோம் என்று எண்ணுவோமாக.