கடைமடையில் ஒரு கேமரா

உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற பறவை அது. கொசு உள்ளான். எடை இருபது, இருபத்தைந்து கிராம்தான் இருக்கும். ஆராய்ச்சியாளர் அதன் கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே இதமாகப் பிடித்திருக்கிறார். மறு கையில் குறடு, அதன் வாயில் சின்ன அலுமினிய வளையம். ஒரே அழுத்து. வளையம் காலைச் சுற்றி மூடிக்கொள்கிறது. அதில் ஓர் எண்ணும், கண்டெடுத்தால் மும்பைக்குத் தெரிவிக்கச் சொல்லும் குறிப்பும் இருக்கின்றன. இறக்கையை அளவுகோலில் வைத்து நீளம் பார்க்கிறார். துணிப்பையில் இட்டு எடை பார்க்கிறார். அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். கையைத் திறந்ததும் பறவை இருட்டுக்குள் போய்விடுகிறது. உடனே கை அடுத்த பைக்குள் நுழைகிறது.

கோடியக்கரையில் இந்தக் காட்சியை முதல் முறை எடுத்தபோது எங்கள் கேமரா பறவையை மட்டுமே பார்த்தது. எழுதுகிறவரும் பதிவேடும் ஃப்ரேமுக்கு வெளியே நின்றார்கள். ஊருக்குத் திரும்பி எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகுதான், எங்கள் கதையே அந்தப் பதிவேட்டுக்குள் இருக்கிறது என்பது புரிந்தது. பன்னிரண்டு நிமிடக் குறும்படத்துக்காக மூன்று பேர் இரண்டு பருவம் வேதாரண்யத்தில் அலைந்து கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. மற்ற பாடங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

கண்ணுக்குத் தெரியாத அழிவு

வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது கோடியக்கரை. வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கிற முனை. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1962-இல் இந்த இடத்தின் அருமையைச் சுட்டிக்காட்டினார். 1967-இல் சரணாலயம் ஆயிற்று. 2002-இல் பஞ்சநதிக்குளம் ஈரநிலம், தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆகியவற்றையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஈரநிலம் இதுதான். பாலை மரங்கள் நிறைந்த காடு, வெளிமான்கள் மேயும் புல்வெளி, எல்லை தெரியாத உப்புச் சதுப்பு எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன.

டெல்டாக்காரர்களுக்குக் கடைமடை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாக ஓடிவந்து, வயல்கள் குடித்தது போக மிச்சம் இங்கே கடலைச் சேர்கிறது. வேதாரண்யம் சதுப்பு அந்தக் கடைமடைக்கும் கடைமடை. மேலிருந்து வரும் நன்னீரும் கடலிலிருந்து ஏறும் ஓதமும் கலக்கிற அளவில்தான் அதன் உயிர் இருக்கிறது. நன்னீர் குறைந்தாலும், முகத்துவாரம் மண் மூடினாலும், உப்பளங்கள் பெருகி நீரோட்டம் தடைபட்டாலும் சதுப்பில் உப்பு ஏறுகிறது. உப்பு ஓர் அளவைத் தாண்டினால் சேற்றுக்குள் வாழும் புழுக்கள் செத்துப்போகின்றன. அந்தப் புழுக்களைத் தேடித்தான் உள்ளான் சைபீரியாவிலிருந்து பறந்து வருகிறது. மறுபக்கம், சீமைக் கருவேலம் புல்வெளியை மூடிக்கொண்டே வர, வெளிமானுக்கு மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது.

இதில் எதையும் ஒரு வாரத்தில் படம்பிடிக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, விழுந்த மரங்களைக் கேமரா ஒரே ஷாட்டில் காட்டியது. உப்பு ஏறுவதற்கு அப்படி ஒரு ஷாட் கிடையாது. சதுப்பு இன்றைக்கும் அழகாகவே இருக்கிறது. சாயங்கால வெளிச்சத்தில் பூநாரைக் கூட்டம் நிற்பதைப் பார்க்கிறவருக்கு இங்கே என்ன குறை என்றுதான் தோன்றும். குறையை அறிந்தவர்கள், 1980-களிலிருந்து இங்கே வளையமிட்டும் கணக்கெடுத்தும் வரும் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள். எஸ். பாலச்சந்திரனைப் போன்றவர்கள் தங்கள் வாழ்நாளில் பல பத்தாண்டுகளை இந்தச் சேற்றிலேயே கழித்திருக்கிறார்கள். சிறு கரைப்பறவைகள் குறைந்துவிட்டதை அவர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிய வரிகளை அடுக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

ஆகவே இப்படிப் படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் பழைய பதிவேடுகளையும் அறிக்கைகளையும் படித்துவிட்டுக் கேமராவைத் திறப்பது நல்லது. எங்கள் இரண்டாவது பருவத்தின் முதல் ஷாட், பேனா பிடித்த ஒரு கை.

அனுமதியும் காத்திருப்பும்

சரணாலயத்துக்குள் படம் எடுக்க, 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும். விண்ணப்பம் அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே போய்விட வேண்டும். யார் யார் வருகிறார்கள், எந்த நாட்களில், என்னென்ன கருவிகளுடன் என்று எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். நாங்கள் கருவிப் பட்டியலில் ஒரு லென்ஸை விட்டுவிட்டோம். கடிதம் திரும்பி வந்து மறுபடி போய்ச் சேர்வதற்குள் மூன்று வாரம் கழிந்துவிட்டது. தவறு எங்களுடையது.

அந்த மூன்று வாரமும் சரணாலயத்துக்கு வெளியே, அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் சுற்றினோம். படத்தின் நல்ல பகுதிகள் அங்கேதான் கிடைத்தன. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு எடுத்துக் கைதான மண் இது. உப்பு இந்த ஊரின் பெருமை, பல ஆயிரம் குடும்பங்களின் சோறு. கடல்நீரை முதலில் தேக்கிவைக்கிற பெரிய பரப்புகளில் உப்பு குறைவாக இருப்பதால் அங்கே பறவைகள் மேய்கின்றன. அடுத்தடுத்த பாத்திகளில் உப்பு ஏற ஏற, பறவைகளும் குறைந்துபோகின்றன. உப்பளத்தையே வில்லனாக்கி ஒரு படம் எடுப்பது சுலபம். உப்பு வாருகிறவரின் வெடித்த பாதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த எங்களுக்கு அந்தச் சுலபமான வழியில் போக மனம் வரவில்லை.

விஞ்ஞானியைப் பேசவைப்பது

நாற்காலி போட்டு, முகத்துக்கு விளக்கு வைத்து, “இந்தப் பிரச்சினையை விளக்குங்கள் சார்” என்று கேட்டால் எந்த ஆராய்ச்சியாளரும் கருத்தரங்கில் பேசுவதுபோலத்தான் பேசுவார். எங்களுடைய முதல் பேட்டி அப்படித்தான் அமைந்தது. அதில் ஒரு நொடியைக்கூட நாங்கள் பயன்படுத்தவில்லை. அதே மனிதர் மறுநாள் காலை முட்டளவு உளைச் சேற்றில் நின்று, சதுப்பு நீரில் ஒரு சொட்டு எடுத்துக் கருவியின் கண்ணாடித் தகட்டில் விட்டு, அதை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் எழுதினார். “எவ்வளவு சார்?” என்றதும் எண்ணைச் சொன்னார். பிறகு தானாகவே, பத்து வருடத்துக்கு முன் இதே இடத்தில், இதே மாதத்தில் என்ன இருந்தது என்பதில் தொடங்கிப் பேசிக்கொண்டே போனார். கை வேலையில் இருக்கும்போது வாய் இயல்பாகப் பேசுகிறது. கேள்விகளைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

எண்களில் கஞ்சத்தனம் வேண்டும். ஆய்வறிக்கையில் நூறு எண்கள் இருக்கலாம். பன்னிரண்டு நிமிடப் படம் இரண்டைத்தான் தாங்கும். அந்த இரண்டையும் ஆராய்ச்சியாளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தகவல் பிழையைத் திருத்தும் உரிமை அவருக்கு உண்டு. எந்த ஷாட் எங்கே வரவேண்டும் என்ற முடிவு உங்களுடையது. இதை முதல் நாளே பேசிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

இன்னொன்று, அறிவியல் என்றால் பட்டம் பெற்றவர்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கோடியக்கரையின் பறவை ஆய்வில் பிகாரின் மீர்ஷிகார் சமூகத்தவரின் கைவண்ணம் கலந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்தவர்கள் அவர்கள். அந்தத் திறமையைப் பறவைக்குக் காயம் படாமல் பிடித்து வளையமிட்டு விடுவதற்குத் திருப்பியவர்களில் அலி உசேன் புகழ்பெற்றவர். வலை கட்டுகிறவர், வழி காட்டுகிறவர், படகு தள்ளுகிறவர் என ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு, அவர்கள் விருப்பத்தோடு டைட்டிலில் போடுங்கள்.

பறவைக்குத் தொல்லை தராமல்

முதல் வாரத்தில் நாங்கள் செய்த ஒரு காரியம் இன்னும் உறுத்துகிறது. பூநாரைக் கூட்டத்தை இன்னும் பக்கத்தில் எடுக்கலாமே என்று முன்னேறினோம். கூட்டம் மொத்தமாக எழுந்தது. இளஞ்சிவப்பும் கறுப்புமாக வானம் நிறைந்தது. நாங்கள் எடுத்ததிலேயே அழகான ஷாட் அதுதான். உடன் இருந்த ஆராய்ச்சியாளர் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, இப்ப அதுங்க சாப்பிடற நேரம். ஒவ்வொரு தடவையும் எழுப்பிவிட்டா, சேர்த்துவச்ச சக்தியெல்லாம் வீணாப்போகும்.” வலசைப் பறவைக்கு உடம்பில் சேர்கிற கொழுப்புதான் திரும்பிப்போகும் வழிக்கான கட்டுச்சோறு. அந்த ஷாட் எங்கள் படத்தில் இல்லை. ட்ரோனையும் அன்றோடு மறந்துவிட்டோம். நீண்ட லென்ஸை வாடகைக்கு எடுத்து, கரையில் தாழ உட்கார்ந்து காத்திருந்தால் பறவையே கிட்டத்தில் வருகிறது.

உள்ளான்களை வலையில் பிடிப்பது நிலவில்லாத இரவுகளில். அங்கே நம் விளக்குக்கு இடமில்லை. ஆராய்ச்சியாளரின் நெற்றி விளக்கு போதும் என்று ஒத்துக்கொண்டு, இருட்டிலும் எடுக்கக்கூடிய கேமராவோடு போங்கள். படம் கொஞ்சம் பொரிபொரியாகத்தான் வரும். அந்த இரவும் அப்படித்தான் இருந்தது.

வாடைக்காற்று ஒலியைத் தின்றுவிடும். ஒரு மணி நேரப் பேச்சு முழுவதும் ‘உஸ்’ என்ற இரைச்சலாகிப் போனதைத் தங்கும் அறைக்கு வந்துதான் கேட்டோம். மைக்குக்கு ரோம உறை கட்டாயம் வேண்டும், பதிவாகும்போதே காதில் ஹெட்போனும் இருக்க வேண்டும். உப்புக்காற்று கருவிகளை அரிக்கும் என்பதால் ஒவ்வொரு இரவும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். முக்காலி சேற்றில் இறங்காமல் இருக்க அடியில் பலகை போடுங்கள். சதுப்பில் நடக்கும்போது முன்னால் போகிறவரின் காலடித் தடத்திலேயே காலை வையுங்கள்.

யாருக்காக இந்தப் படம்

சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி 2001-இல் குதிரேமுக் இரும்புச் சுரங்கம் பற்றி ‘மைண்ட்லெஸ் மைனிங்’ என்ற குறும்படத்தை எடுத்தார். காட்டையும் பத்ரா ஆற்றையும் சுரங்கம் என்ன செய்கிறது என்பதைச் சுற்றிவளைக்காமல் காட்டிய படம். சுரங்கத்துக்கு எதிராகப் போராடியவர்களின் கையில் அது வலுவான சாட்சியாக இருந்தது. 2005-க்குள் சுரங்கத்தை மூடும்படி 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மைக் பாண்டேயின் ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ குஜராத் கடற்கரையில் திமிங்கிலச் சுறாக்கள் கொல்லப்படுவதைக் காட்டியது. 2001-இல் அந்த மீனுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 2012-இல் நாகாலாந்தில் அமூர் வல்லூறுகள் வலையில் சிக்கிச் செத்ததைக் காட்டிய சிறு வீடியோ உலகையே உலுக்கியது. பாங்டி கிராம மக்கள் அடுத்த ஆண்டே வேட்டையை நிறுத்தினார்கள். மூன்று படங்களும் யார் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தவை. திரைப்பட விழாவை மட்டும் மனதில் வைத்து எடுத்திருந்தால் இந்த அழுத்தம் வந்திருக்காது.

எங்கள் படத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள் கோடியக்காட்டிலும் அகஸ்தியம்பள்ளியிலும் இருந்தார்கள். அதனால் முடிவான வடிவத்துக்கு முன்பே, ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி அவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். வர்ணனையில் “உவர்ப்புத்தன்மை அதிகரித்துள்ளது” என்று வந்ததும் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா கேட்டார்: “அது நாங்க சொல்ற டிகிரிதானே தம்பி? அப்ப டிகிரின்னே சொல்லலாமே.” கடல்நீர் மூன்று டிகிரி, இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு பூக்கும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஆராய்ச்சியாளர் கருவியில் படிப்பதும் அவர்கள் கண்ணால் அறிவதும் ஒரே விஷயம். வர்ணனை முழுவதையும் அந்தப் பேச்சுவழக்கில் மறுபடி பதிவு செய்தோம். இரண்டு நாள் கூடுதல் செலவுதான். அதன் பிறகே படத்துக்குக் குரல் வந்தது.

கடைசியாக ஒரு யோசனை. படத்தில் சேராத காட்சிகளை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், இடம் குறித்துவைத்து ஒரு பிரதியை ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். நாங்களும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒருவர் லேப்டாப்பில் அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சாதாரணமாகத் தெரிந்த, படத்திலிருந்து வெட்டி எறிந்த ஒரு ஷாட்: சேற்றில் நாலைந்து உள்ளான்கள் கொத்தித் தின்கின்றன, அவ்வளவுதான். அவர் சட்டென நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். படத்தைப் பெரிதாக்கினார். ஒரு பறவையின் காலில் சிறிய வண்ணப் பட்டை, அதில் எழுத்துகள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். தேதி என்ன, எந்த இடம், எத்தனை மணி என்று கேட்டார். சொன்னோம். மேசை மேல் கிடந்த பதிவேட்டை இழுத்துத் திறந்து, புது வரியில் எழுத ஆரம்பித்தார்.