மரத்தின் ஒளி மண்ணில்
கோலசிலாங்கூரில், கம்போங் குவாந்தானில் இரவுப் படகில் சென்றிருக்கிறீர்களா? ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் எண்ணற்ற மின்மினிகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து அணையும். அம்மரங்களைக் காத்தால் போதும் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால், மின்மினியின் புழு மரத்தில் வளர்வதில்லை. கரையின் ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரைப்புதர்களை அழித்துச் செம்பனை நட்டால் நத்தைகள் குறையும்; மரத்தின் ஒளியும் மங்கும்.

இத்தகைய தொடர்பையே ரேச்சல் கார்சன் 1962இல் வெளிவந்த ‘சைலண்ட் ஸ்பிரிங்’ நூலில் காட்டினார். எல்ம் மரத்தில் தெளித்த பூச்சிமருந்து, உதிர்ந்த இலைவழி மண்புழுவை அடைந்தது. மண்புழுவைத் தின்ற ராபின் பறவைகள் மடிந்தன. அமெரிக்க நூல்தான், ஆயினும், மருந்து தெளிக்கும் தோட்டங்களில் வளர்ந்தோருக்கு அதன் வாடை புதிதன்று. அதைப் படித்தபின் ஆற்றங்கரைக்குச் செல்லுங்கள். முன்பு ஒளிர்ந்து இப்போது இருண்டிருக்கும் மரம் எது எனப் படகோட்டி ஐயாவிடம் கேளுங்கள்.