பள்ளிப் பாடமும் கல்லூரி வாயிலும்

பள்ளியில் என்ன படித்தாய் என்று கேட்டால், தேர்வில் வருவதைப் படித்தேன் என்றே நான் விடை கூற வேண்டும். கல்லூரி நுழைவு விதிதான் பள்ளிப் பாடத்தை வகுக்க வேண்டுமா?

இவ்வினாவை அமெரிக்கர் சோதித்தே பார்த்தனர். முற்போக்குக் கல்விச் சங்கம் 1933 முதல் 1941 வரை நடத்திய ‘எட்டாண்டு ஆய்வில்’ 30 பள்ளிகள் சேர்ந்தன. ஏறத்தாழ 300 கல்லூரிகள் அப்பள்ளி மாணவர்க்கு நுழைவு விதிகளைத் தளர்த்தின. ஆசிரியர்கள் கோடைப் பயிலரங்குகளில் ஒன்றுகூடிப் புதிய பாடங்களை வகுத்தனர்.

பின்னர், கல்லூரி சேர்ந்த அம்மாணவருள் 1,475 பேரை, வயதும் திறனும் குடும்பச் சூழலும் ஒத்த பிற பள்ளி மாணவரோடு ஒருவர்க்கு ஒருவராக ஒப்பிட்டனர். இவர்கள் பின்தங்கவில்லை, மதிப்பெண்ணில் சற்று முந்தியே நின்றனர். பாடத்தைப் பெரிதும் மாற்றிய பள்ளிகளின் மாணவரே மிகச் சிறந்து விளங்கினர்.

பள்ளி மட்டும் முயன்றிருந்தால் இது கைகூடியிராது. கல்லூரியும் கதவைத் திறந்தது. நாளை ஆசிரியராகவிருக்கும் நாம் இதனை மறவாதிருப்போமாக!