அயல்நாட்டில் பேரிடர்: உதவத் துடிக்கும் பிள்ளைகளுக்கு

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டார்கள். 5 லட்சம் வீடுகள் விழுந்தன. அதையே வைத்துச் சொல்கிறேன் பிள்ளைகளே, நாளை வேறெந்த நாட்டுக்கும் இது பொருந்தும்.

1. பொருள்களை மூட்டை கட்டி அனுப்பாதீர்கள். காத்மாண்டு விமான நிலையத்தில் இருந்தது ஒரே ஓடுபாதை. அதுவும் பழுதாகி, பெரிய விமானங்கள் இறங்கத் தடை விழுந்தது. தார்ப்பாயும் தானியமும் உப்பும் சர்க்கரையும் வேண்டிக் காத்திருந்த நாட்டுக்கு டூனா மீனும் மயோனைசும் வந்ததாக அந்நாட்டு நிதியமைச்சரே வருந்தினார். நமக்குத் தெரியாததா இது? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரமெங்கும் பழந்துணி குவிந்து கிடந்தது. கடலில் உழைத்துச் சாப்பிட்ட சனத்துக்கு, பிறர் கழித்துப் போட்டதை உடுத்த மனம் ஒப்பவில்லை. கொடுப்பவர் வீட்டு அலமாரி காலியானது, அவ்வளவுதான்.

2. பணமாகக் கொடுங்கள், சிறு தொகையானாலும். 2010இல் ஹெய்தி நிலநடுக்கத்தின்போது அமெரிக்க மக்கள் குறுஞ்செய்திக்குப் பத்து டாலர் வீதம் அனுப்பியே 3 கோடி டாலருக்கு மேல் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சேர்ந்தது.

3. வாட்ஸ்அப்பில் வரும் கியூஆர் கோடை நம்பிப் பணம் போடாதீர்கள். அமைப்பின் பெயரை நீங்களே தேடி, அதன் சொந்தத் தளத்தில் செலுத்தி, ரசீது வாங்குங்கள்.

4. உங்கள் தெருவைப் பாருங்கள். அடுக்ககத்துக் காவலாளி, உணவகத்துச் சமையல்கட்டில் நிற்கும் பையன், இவர்களில் எத்தனையோ பேர் நேபாளிகள். வெளிநாடுகளில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் அந்நாட்டுப் பொருளாதாரத்தில் அந்த நிலநடுக்கத்தின்போது கால் பங்குக்கு மேல் இருந்தது. அப்படி ஒருவருக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். சம்பளத்தை முன்பணமாகத் தரும்படி அவருடைய முதலாளியிடம் பேசுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்வரை அவர் வேலை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட நேராகப் போய்ச் சேரும் உதவியை நான் அறியேன்.

5. கணினி இருக்கிறதா? அன்று உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் நேபாளத்தை வரைந்தார்கள். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கூரையின் நான்கு மூலைகளையும் சொடுக்க வேண்டும். மலைச்சரிவில் நூல்போல் ஓடும் ஒற்றையடிப் பாதையைத் தொடர்ந்து போய்க் கோடிழுக்க வேண்டும். காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர்க் குழு முன்பே தொடங்கியிருந்த வேலை அது. மீட்புக் குழுக்கள் பல அந்த வரைபடங்களை வைத்துக்கொண்டு ஊர்களைத் தேடிப் போயின. முதலில் பயிற்சிப் பாடத்தை முடியுங்கள். தப்பாக வரைந்த பாதை ஆளைத் தப்பான மலைக்கு அனுப்பிவிடும்.

6. பயிற்சி இல்லாமல் அங்கே போய் இறங்காதீர்கள். அங்குள்ளவர்கள் குடிக்கும் தண்ணீரில் நீங்களும் பங்கு கேட்பீர்கள். ஓரிரு ஆண்டு கழித்துச் சுற்றுலாப் பயணியாகப் போங்கள். கிராமத்து விடுதியில் தங்கி, உள்ளூர் வழிகாட்டிக்கு முழுக் கூலி கொடுங்கள்.

7. தொலைக்காட்சியில் செய்தி நின்றபின்தான் உதவி வற்றும். நேபாளத்தில் ஏப்ரலில் வீடு விழுந்தது, ஜூனில் மழை பிடித்தது. மறுகட்டமைப்பு ஆணையம் முறைப்படி அமையவே டிசம்பர் ஆனது. அந்த இடைப்பட்ட மாதங்களைத் தகரக் கொட்டகையில் கழித்தவர்கள் பல லட்சம். ஆகவே கொடுக்க நினைத்ததில் பாதியை இன்று கொடுங்கள். மீதியை ஆறு மாதம் கழித்து, யாரும் கேட்காதபோது, மறக்காமல் அனுப்புங்கள்.