அம்மா இருமலை அடக்குகிறாரா? வீட்டு பிளானைப் பாருங்கள்!

போன மாசி மாதம், ஒரு காலை நேரம். என் முன்னால் வந்து உட்கார்ந்த அம்மாவுக்கு வயது 68. நீர்க்கடுப்பு. கூடவே மலச்சிக்கல், தூக்கமின்மை. மூன்றாவது முறையாக வருகிறார்.

"பொழுது சாய்ஞ்சா எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கம்மா?"

"தொண்டையை நனைக்கிறதோட சரி தம்பி."

"ஏன்?"

கூட வந்த மகன் போன் பேச வெளியே போகும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ராவுல எழுந்தா பையன் ரூமு வாசலைத் தாண்டித்தான் பாத்ரூமுக்குப் போவணும். கதவு கிறீச்சுன்னு கத்தும். பாவம் அந்தப் பொண்ணு, விடியறதுக்குள்ள எழுந்து சமைச்சு வச்சிட்டு வேலைக்கு ஓடுது. அதான்... அடக்கிக்கிறேன். இருமல் வந்தாக்கூட தலகாணியில வாயை வச்சு அமுக்கிக்குவேன்."

மகன் நல்ல பிள்ளைதான். திரும்பி வந்ததும், "அம்மாவுக்குத் தனி ரூம் கட்டப்போறேன் சார்" என்று செல்போனில் பிளானைக் காட்டினார். பார்த்தேன். ரூம் மாடியில் இருந்தது!

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்லப் போகிறேன். சொந்த வீட்டில் பெற்றோருக்குத் தனிப் போர்ஷன் கட்ட நினைக்கிறவர்கள், மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடக்கக் கூடாதவை பதினான்கு

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்தபோது இதை நாங்கள் விரல்விட்டு எண்ணி மனப்பாடம் செய்வோம். அபானவாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவை உடம்பு தானாக எழுப்பும் வேகங்கள். வலிந்து அடக்கினால் நோய் வரும் என்பது நம் முன்னோர் கணிப்பு.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். ஆனால் இந்தத் தடவை உங்கள் வீட்டை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். சிறுநீர், மலம், நீர்வேட்கை... பாத்ரூம் தூரத்தில் இருந்தால் மூன்றுக்கும் தடை. பசி... மருமகள் சமைத்து முடிக்கும்வரை பெரியவர் காத்திருக்க வேண்டும். தூக்கம்... ஹாலில் டி.வி. ஓடினால் தூங்க முடியாது.

இது பெரியவர்களுக்கு மட்டும் உள்ள கஷ்டமா? இல்லை. மெல்லிய ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் படுத்திருந்தால், இளம் தம்பதிக்கு ஏது தனிமை? மனசு கனத்த நாளில் மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழக்கூட இடம் வேண்டாமா? கண்ணீரும் அந்தப் பதினான்கில் ஒன்றுதானே!

ஆக, தனிப் போர்ஷன் என்பது பெற்றோரை ஒதுக்கி வைப்பது இல்லை. இரண்டு பக்கமும் எதையும் அடக்காமல் வாழ வழி செய்வது. இதுதான் என் கட்சி.

வைத்தியர் வீட்டிலேயே நடந்தது

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2009-ல் செஞ்சியில் வீடு கட்டினேன். வாசற்படி எந்தத் திசை, பூஜை அறை எந்த மூலை, நோயாளிகள் உட்கார எவ்வளவு இடம் என்று எல்லாம் யோசித்தேன். கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் அப்பாவுக்கு ஒரு ரூம். பாத்ரூம் கொல்லைப்புறத்தில், இரண்டு படி இறங்கி.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் வீட்டைப் பாராட்டினார்கள். அப்பாவும் பாராட்டினார். அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். நான் கவனிக்கவில்லை. சித்திரை வெயிலில் நீர்ச்சுருக்கு வந்தது. நெருஞ்சில் குடிநீர் கொடுத்தேன். நல்ல மருந்துதான். ஆனால் தண்ணீரே குடிக்காதவருக்கு அது என்ன செய்யும்?

ஒருநாள் விடியற்காலை அந்த இரண்டு படியில் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. விழுப்புரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. எட்டு மாதம் படுக்கையில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மருந்து கொடுக்கத் தெரிந்த எனக்கு, அவர் நடந்து போக வழி கொடுக்கத் தெரியவில்லை. அதன் பிறகுதான் அம்மாவுக்காக வீட்டை இடித்துத் திருத்தினேன்.

செட்டிநாடு சொல்லும் பாடம்

'ஒரே வீட்டில் தனி அடுப்பா? ஊர் என்ன பேசும்?' என்று கேட்பவர்கள் உண்டு. செட்டிநாட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். பெரிய பெரிய வீடுகள். நடுவில் முற்றம், அதைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஓர் அறைப் பகுதி. கல்யாணத்துக்குப் பின் புதுத் தம்பதியைத் தனியாகச் சமைத்துச் சாப்பிட வைப்பதற்கு 'வேறு வைத்தல்' என்றே பெயர். அது சண்டை போட்டுப் பிரிவது அல்ல, பெரியவர்களே முன்னின்று செய்யும் ஏற்பாடு. அடுப்பு வேறு, முற்றம் ஒன்று. நல்லது கெட்டது எல்லாம் ஒரே வளவில் நடக்கும்.

நம்ம ஊர் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலையும் பாருங்கள். சதுர முற்றம், அதைச் சுற்றி அறைகள், நடுவில் அடுக்கடுக்காக எழும் கோபுரம். அரண்மனைப் பெண்கள் குடியிருந்த இடம் என்கிறார்கள். சுடுமண் குழாய் வைத்து மேல் அடுக்கு வரைக்கும் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆள் தண்ணீரைத் தேடிப் போகாமல், ஆள் இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. அந்த யோசனை நம் வீட்டுக்கும் வேண்டும்.

பிளானில் என்னென்ன இருக்கணும்?

முதல் விதி: பெரியவர்கள் போர்ஷன் தரைத்தளத்தில்தான். மாடி இளையவர்களுக்கு. மாடியில் வைத்தால் முழங்கால் வலி வந்த நாளிலிருந்து அவர்கள் தெருவைப் பார்ப்பதே நின்றுவிடும்.

இரண்டாவது விதி: மிச்சமிருக்கும் இடத்தை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் இடத்தை முதலில் வரைந்துவிட்டு, மீதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் வேண்டாம். 10-க்கு 12 அடியில் படுக்கையறை, 8-க்கு 10-ல் உட்காரும் இடம், 6-க்கு 7-ல் சின்ன சமையலறை, 6-க்கு 8-ல் பாத்ரூம். சுவர் கனத்தோடு சேர்த்தால் ஏறக்குறைய 350 சதுர அடி. இதற்குள் கவனிக்க வேண்டியவை:

● கட்டிலிலிருந்து பாத்ரூம் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் இருக்கணும். இடையில் படியோ நிலைப்படியோ கூடாது.

● கதவுகள் 3 அடி அகலம். பிற்காலத்தில் சக்கர நாற்காலி வேண்டியிருந்தால் தடையின்றி நுழையும். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் தள்ளித் திறக்க முடியாது!

● பாத்ரூமுக்குள் சக்கர நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் காலியாக இருக்கட்டும். உட்காரும் டாய்லெட்டின் உயரம் சுமார் 18 அங்குலம். பக்கத்துச் சுவரில் மூன்றடி உயரத்துக்குள் கைப்பிடிக் கம்பி. கம்பி ஆட்டம் காணாமல் நிற்க, சுவர் கட்டும்போதே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.

● தரைக்குப் பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம். சொரசொரப்பானது போதும்.

● வாசலில் படியோடு சாய்தளமும் வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. தெருவைவிட வீடு 2 அடி உயரம் என்றால் 24 அடி. மலைக்காதீர்கள், பக்கவாட்டுச் சந்தில் 4 அடி அகலத்தில் ஓட்டிவிடலாம்.

● படுத்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் விளக்கு சுவிட்ச், உங்கள் பகுதியில் ஒலிக்கும் அழைப்பு மணி, பாத்ரூம் வழியில் இரவு விளக்கு.

● சமையலறையில் ஒரு அடுப்பு போதும். அவர்கள் பசிக்கிற நேரத்துக்குக் கஞ்சியோ, கஷாயமோ வைத்துக்கொள்ளட்டும். மறதி ஆரம்பித்தவர்களுக்கு கேஸ் வேண்டாம்.

இனி, கதவு விஷயம். போர்ஷனுக்கு வாசல் பக்கம் சொந்தக் கதவு ஒன்று. உங்கள் கூடத்துக்கும் அவர்கள் இடத்துக்கும் நடுவில் இன்னொன்று. அந்த நடுக்கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போடலாம். ஆனால் அவர்கள் பக்கத்துத் தாழ்ப்பாளை அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கும்படி அமையுங்கள். தட்டிவிட்டு நுழைவது இரண்டு பக்கத்துக்கும் சட்டம். திண்ணை மட்டும் பொதுவாக இருக்கட்டும். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முதலில் தாத்தா கண்ணில்தான் பட வேண்டும்.

பாறை ஊர் வெயில்

செஞ்சியைச் சுற்றி ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று எங்கு பார்த்தாலும் பாறை. பகலெல்லாம் குடித்த வெயிலை அது இரவில் கக்கும். உங்கள் வீட்டு மேற்குச் சுவரும் அப்படித்தான். வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சி குறைவு, வியர்ப்பதும் குறைவு. அதனால் சூடு அவர்களைச் சீக்கிரம் தாக்கும்.

வாஸ்து பார்ப்பவர்கள் தென்மேற்கு மூலையைக் குடும்பத் தலைவருக்குச் சொல்வார்கள். எனக்கு வாஸ்துவோடு பகையில்லை. ஆனால் அந்த மூலையில்தான் சாயங்கால வெயில் அறையும். அங்கேதான் ரூம் என்றால் மேற்கே ஒரு தாழ்வாரம் இறக்குங்கள், சற்றுத் தள்ளி ஒரு வேப்பமரம் வையுங்கள். எதிரெதிரே இரண்டு ஜன்னல் இருந்தால் தென்றல் நுழைந்து வெளியேறும். மேலே மாடி கட்டாவிட்டால், மொட்டைமாடித் தளத்துக்குக் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள்.

கோட்டைப் பக்கம் மனையா?

2025 ஜூலையில் நம் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பெருமைதான். ஆனால் அதற்கு முன்பிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. 2010-ல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். மனை வாங்கும்போதே அளந்து பாருங்கள். பழைய வீட்டை ஒட்டிப் போர்ஷன் இழுப்பவர்களும் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மருத்துவராக ஒரு வார்த்தை

வீடு எல்லா நோயையும் தீர்க்காது. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்தால் சர்க்கரையும், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும் பரிசோதிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். தூக்கத்திலிருந்து எழுபவர்கள் சட்டென்று நடக்காமல், கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி விழுவதை இது தடுக்கும்.

பேப்பரில் நடந்து பாருங்கள்

பிளான் கைக்கு வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். இரவு இரண்டு மணி, கரண்ட் இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி என்று வைத்துக்கொண்டு, கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை விரலால் நடந்து பாருங்கள். எத்தனை கதவு, எத்தனை படி, யார் தூக்கம் கலையும்? விரல் தடுக்கும் இடத்தில் பென்சிலால் திருத்துங்கள். சுவர் எழும்பிய பிறகு திருத்த கடப்பாரை வேண்டும்.

அந்த 68 வயது அம்மாவின் மகன் பிளானை மாற்றிவிட்டார். அம்மா கீழே, தம்பதி மேலே. அஸ்திவாரம் தோண்டியாயிற்று. "தனி அடுப்பு எதுக்கு தம்பி, செலவு" என்று அம்மா சலித்துக்கொண்டார். ஆனால் பாத்ரூம் எங்கே வரும் என்று போய்ப் பார்த்து, கட்டில் போடும் இடத்திலிருந்து எத்தனை எட்டு என்று எண்ணிவிட்டும் வந்திருக்கிறார். நாலே எட்டு!

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இன்று பெற்றோருக்காகக் கட்டும் அந்தப் போர்ஷனில், இன்னும் இருபத்தைந்து வருடம் கழித்துப் படுத்து எழப்போவது நீங்கள்தான்.