யானைக்கும் ஒரு காய் கொடு

ஓசூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நாட்றாம்பாளையத்தில் தெருத்தெருவாக நடந்து நீ வரைந்த ஆட்டப் பலகையின் படம் கிடைத்தது. பேருந்து நிற்கும் இடம், மளிகைக் கடை, பள்ளிக்கூடம், ராகிக் கொல்லை, காட்டோரம், கடைசியில் காவிரிக் கரை. நடந்து பார்த்தவள் வரைந்தது என்று பார்த்ததுமே தெரிகிறது. ஆனால் விதிகளைப் படித்தபோது மனசு நிறையவில்லை. யானைக் கட்டத்தில் விழுந்தால் ஐந்து கட்டம் பின்னால், பேருந்து கிடைத்தால் ஐந்து கட்டம் முன்னால். ஊர்ப் பெயர்களை அழித்துவிட்டால் மிஞ்சுவது பரமபதம்தான். பாம்பு இருந்த இடத்தில் யானையை நிறுத்தியிருக்கிறாய்.

நீ சின்ன வயதில் விளையாடிய பிசினஸ் ஆட்டத்துக்கு மூலம் மோனோபோலி. அதற்கும் மூலம் லிஸி மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-இல் காப்புரிமை வாங்கிய நிலக்கிழார் ஆட்டம். நிலத்தை வைத்திருப்பவன் வாடகையாலேயே கொழுப்பதையும், குடியிருப்பவன் வறியவனாவதையும் ஆடுகிறவர்களே அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் நோக்கம். அவர் சொல்ல வந்ததெல்லாம் விதிக்குள்ளேயே இருந்தது. பின்னால் அட்லாண்டிக் சிட்டியில் ஆடியவர்கள் தங்கள் ஊர்த் தெருக்களின் பெயர்களைக் கட்டங்களில் எழுதிக்கொண்டார்கள். 1935-இல் பார்க்கர் சகோதரர்கள் நிறுவனம் ஆட்டத்தை வெளியிட்டபோது மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். மறு ஆண்டே தெருப் பெயர்களை மட்டும் மாற்றி லண்டன் பலகை வந்துவிட்டது. பெயரை மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்துகிற ஆட்டம், எந்த ஊரைப் பற்றியதும் அல்ல. உன் ஆட்டம் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

அட்லாண்டிக் சிட்டிப் பலகையில் இன்னொன்றையும் கவனி. மிகக் குறைந்த விலை போட்ட தெருக்கள், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியைச் சேர்ந்தவை. ஊரில் இருந்த ஏற்றத்தாழ்வு அப்படியே கட்டங்களின் விலையாக இறங்கி, உலகம் முழுக்கப் போய்விட்டது. நீ எந்தத் தெருவிலிருந்து நடக்கத் தொடங்கினாய், எந்தத் தெருவுக்குள் போகாமல் திரும்பினாய் என்று உன் நோட்டை எடுத்துப் பார். காலனி உன் பலகையில் இல்லை. போய் நடந்துவிட்டு வா. எந்தத் தெருவுக்கும் விலை போடாதே.

இனி யானை. இதைப் பற்றித்தான் உன்னிடம் அதிகம் பேச வேண்டும். ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பார். 3 புலி, 15 ஆடு. இரண்டு பக்கமும் சமமில்லை, நகரும் முறையும் ஒன்றல்ல. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் நெருங்கி நின்று புலிக்கு வழியில்லாமல் அடைக்கும். தனி ஆடு செத்துப்போகும், கூட்டம் ஜெயிக்கும். மேய்ச்சல்காரர்களின் அனுபவம் முழுவதும் அந்த முக்கோணக் கோட்டுக்குள் இருக்கிறது. உன் ஆட்டத்தில் ஒருவர் யானையாகவே ஆடட்டும். ராகி முற்றும் ஐப்பசி, கார்த்திகையில் பன்னார்கட்டா பக்கத்துக் காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக யானைகள் நம் மாவட்டத்துக்கு வருகின்றன. கொல்லைக்காரர்கள் பரண் கட்டிக் கண்விழிக்கிறார்கள். யானைக்குத் தண்ணீரும் தீனியும் பார்த்துப் பத்திரமாகக் காட்டுக்குத் திரும்புவது வெற்றி. கொல்லைக்காரருக்கு ராகி களத்துக்கு வந்து சேர்வது வெற்றி. ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது. 2014-இல் 504 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆனது. அந்தக் காட்டோரத்தில் வாழ்கிறவர்களுக்கு யானை தண்டனைக் கட்டம் ஆகாது, பாப்பா. அதுவும் வழி நடக்கிற ஓர் உயிர்.

காவிரிக் கரையை ஆட்டம் முடிகிற கட்டமாக மட்டும் விட்டுவிடாதே. அந்தக் கரையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் ஆற்றுத் தண்ணீரை அளக்கிறது. அங்கே வந்து சேர வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அதில் ஆகஸ்டுக்கு 45.95, பிப்ரவரிக்கு 2.5. ஒரு சுற்றை ஒரு மாதமாக வைத்துக்கொண்டால் ஆறு தானாகவே ஏறி இறங்கும். தீர்ப்பில் இருக்கும் அளவு ஒன்று, மழை தருவது வேறு. அந்த வித்தியாசத்துக்கு ஒரு சீட்டுக்கட்டு செய்.

ஆறுமுகப் பகடையை விட்டுவிட்டு நான்கு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்துக்கொள். பகடையில் ஆறு எண்ணும் ஒரே அளவில் விழும். கொட்டையில் அப்படி இல்லை. இரண்டு வெள்ளை விழ 16-இல் 6 வாய்ப்பு, நான்கும் வெள்ளையாக விழ 16-இல் ஒன்றுதான். அஞ்செட்டிக்குப் போகும் பேருந்தை அந்த நான்கு வெள்ளைக்கு வைத்துவிடு. பேருந்துக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் இன்னொரு முறை கேட்டு எழுது. கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்களிடமும் கேள். மோனோபோலியில் மார்வென் கார்டன்ஸ் என்ற பெயர் மார்வின் என்று தப்பாக அச்சாகி, நிறுவனம் 1995-இல்தான் அந்த ஊர்க்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

அச்சகத்துக்கு இப்போதே ஓட வேண்டாம். சாக்பீஸால் திண்ணையில் கோடு போட்டு, ஆயாவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் ஆட வை. விதியை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார். அவர்கள் எங்கே சண்டை போடுகிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று குறித்துக்கொள். சண்டை வந்த விதியை வைத்துக்கொள், கொட்டாவி வந்ததை எடுத்துவிடு.

அடுத்த முறை படம் வேண்டாம். விதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் மாமா