கல்லூரி மூடி, பிள்ளை மலைக்குத் திரும்பினால்…

2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடியதும், 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்கு வந்த பிள்ளைகளுக்கு விடுதி, நண்பர்கள் எல்லாம் ஒரே நாளில் போயின. மறுபடி அப்படியொரு காலம் வந்தால்:

• சிக்னல் தேடி மேடேறும் பிள்ளையிடம் "எந்நேரமும் செல்போன்தானா?" என்று கேட்காதீர்கள். இணைய வகுப்பு நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அந்நேரம் வீட்டுப் போன் பிள்ளைக்கே.

• வகுப்பில்லாத பொழுதில் மிளகு உலர்த்தவோ பலா அறுக்கவோ கூப்பிடலாம். உடம்பு அசைந்தால் தூக்கம் வரும். மகள் தலையில் மட்டும் அடுப்படியைக் கட்டுவது வேறு கதை.

• வீட்டின் முதல் பட்டதாரியா? கவலை இரட்டிப்பு. கடன், கட்டணம் பற்றி மறைக்காமல், மிரட்டாமல் பேசுங்கள்.

• இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, பேச்சுமில்லை என்றால் அது சோம்பல் அல்ல. மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம், பெற்றோரும் பேசலாம். சாவைப் பற்றிப் பேசினாலோ இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். தனியே விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.